கேட்கும் துணிவைக் கற்க முடியுமா? கண்டி இளைஞரின் காதற் கூச்சம் பற்றி

ஒரு பெண்ணிடம் தன் விருப்பத்தை நேரே சொல்லும் துணிவை ஓர் இளைஞனுக்குக் கற்பிக்க முடியுமா? பயிற்சியால் முடியும் என்கிறார்கள் ஒரு சாரார். அது பிறவிக் குணம், வந்தால் வந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார். அந்தத் துணிவே அவனுக்கு வேண்டாம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது மூன்றாவது விடை. மூன்றுமே பழையவை. இந்தத் துணிவைச் சுயமுன்னேற்றத்தின் ஒரு பாடமாக்கிக் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுப்பது மட்டுமே அண்மைக் காலப் புதுமை.

கண்டியில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுவதற்குக் காரணம் உண்டு. நகரின் பெயர்பெற்ற பாடசாலைகளில் பல, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் ஒரு புறம். ஹில்வூட், பெண்கள் உயர்தரப் பாடசாலை, மகாமாயா மறுபுறம். இவற்றில் படித்த பையன் தன் வயதுப் பெண்களை ஒரே அறையில் பார்ப்பது பெரும்பாலும் உயர்தர டியூஷன் வகுப்பில்தான். அங்கும் நடுவே ஒரு நடைபாதை. ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் பையன்கள். வகுப்பு விட்டுப் பஸ் நிலையம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்: பார்வை, சிரிப்பு, பின்னாலிருந்து நண்பனின் இடி, "கேளுடா மச்சான்" என்ற உசுப்பல். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் கலவன் பாடசாலைகள். அங்கே சிக்கல் வேறு. வரிசை வீடுகளான லயத்தில் யார் யாரோடு பேசினார்கள் என்பது பொழுது சாய்வதற்குள் எல்லாக் காம்பராக்களுக்கும் தெரிந்துவிடும்.

பாங்கனும் தோழியும்

பழந்தமிழ் அக இலக்கணம் இந்தக் கேள்வியை இதே சொற்களில் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு விடையை அது வகுத்தே வைத்திருக்கிறது. தொல்காப்பியக் களவியலும் அந்த மரபில் வந்த இறையனார் அகப்பொருளும் காட்டும் ஒழுங்கில், தலைவன் தலைவியை முதலில் காண்பது ஊழின் செயல். மறுநாள் அதே இடத்துக்குப் போய்ப் பார்க்கிறான். அதற்குமேல் அவனால் தனியே ஆவதில்லை. தன் நண்பனான பாங்கனிடம் போகிறான். பாங்கன் முதலில் அவனை இடித்துரைக்கிறான், பிறகு மனமிரங்கித் தானே போய் இடம் பார்த்து வருகிறான். அடுத்த கட்டம் தோழி. தலைவன் குறையிரந்து நிற்பது அவளிடம். அவள் உடனே இசைவதில்லை. தழையைக் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள், காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறாள், ஆளை அளக்கிறாள்.

இந்த ஏற்பாட்டில் மறுப்பு ஒருவன் முகத்தில் நேரே வந்து விழுவதில்லை. நண்பன் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறான். தோழி மறுக்கும்போதும் அது தலைவியின் மறுப்பு என்று முடிவாகிவிடுவதில்லை. இன்றைய சுயமுன்னேற்றப் பாடம் ஒரே நெஞ்சில் ஏற்றும் சுமையைப் பழைய இலக்கணம் குறைந்தது மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தது எனலாம்.

வள்ளுவர் இதை இன்னொரு கோணத்தில் பார்க்கிறார். 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் அவருக்கு இரண்டு அதிகாரங்கள் உண்டு. 71ஆவது பொருட்பாலில், அரசனை அடுத்திருப்பவனுக்கு. 110ஆவது காமத்துப்பாலில், காதலிப்பவனுக்கு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கும் திறன்தான் இரண்டு இடத்திலும் பேசப்படுகிறது. துணிவைப் பற்றி அங்கே அதிகம் இல்லை.

இந்த மரபை இன்றைக்கு வழிகாட்டியாக எடுப்பதில் இரண்டு தடைகள் உள்ளன. இவை புலவர் வகுத்த நெறிகள். அக்காலத்து ஆணும் பெண்ணும் உண்மையில் இப்படித்தான் நடந்தார்கள் என்பதற்கு இவற்றை நேர்ச்சான்றாகக் கொள்வது கடினம். தவிர, அந்தத் தலைவன் பிறப்பு, குடிமை, திரு முதலிய பத்திலும் தலைவிக்கு ஒத்தவன். ஏவல் செய்வோரையும் வினைசெய்து பிழைப்போரையும் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் வைக்கிறது. தோட்டத் தொழிலாளியின் பேரன் அந்த இலக்கணத்தில் தன்னைத் தேடினால் ஒருதலைக் காமமான கைக்கிளை, பொருந்தாக் காமமான பெருந்திணைப் பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கும். மடலேறுதல் வேறு இருக்கிறது. பனைமடற் குதிரையில் எருக்கம்பூச் சூடி, அவள் உருவத்தை எழுதிய படத்தோடு தெருவுக்கு வருவேன் என்று தலைவன் சொல்வதை உரையாசிரியர்கள் காமத்தின் மிகுதி என்பார்கள். ஊரைக் கூட்டி ஒரு பெண்ணைப் பணியவைக்கும் மிரட்டல் என்று இன்றைய வாசகர் சொன்னால் மறுப்பது எளிதல்ல.

முறை இருந்தால் துணிவு எதற்கு?

இன்னொரு விடை உறவுமுறையிலிருந்து வருகிறது. மானிடவியலாளர் நூர் யால்மன் 1967இல் வெளியிட்ட 'அண்டர் த போ ட்ரீ' நூல், கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமங்களின் உறவுமுறையை விரிவாக ஆராய்ந்தது. மாமன் மகளும் அத்தை மகளும் மணத்துக்கு உரியவர்கள், சித்தப்பா மகள் தங்கை என்ற பாகுபாடு சிங்களவரிடமும் தமிழரிடமும் ஒரே அச்சில் இருப்பதை அவர் காட்டினார். இந்த அமைப்பில் வளரும் பையனுக்கு யாரிடம் வாய்விட்டுக் கேலி பேசலாம், யார் முன்னால் அடங்கி நிற்க வேண்டும் என்பது சின்ன வயதிலேயே தெரியும். முன்பின் தெரியாத பெண்ணை அணுகும் பிரச்சினை அவனுக்குப் பெரும்பாலும் எழுவதே இல்லை. மலையக லயங்களிலும் நெடுங்காலம் இதுதான் நிலை. உறவுக்குள் கிடைக்காவிட்டால் தரகர், சாதகப் பொருத்தம், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் விளம்பரம்.

இதை 'நம் பண்பாடு' என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறவர்கள் கண்டியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி இராச்சியத்தில் மணங்கள் இலேசாகக் கூடி இலேசாகப் பிரிந்ததை எழுதியிருக்கிறார். பல கணவர் முறையைச் சட்டவிரோதமாக்கிப் பதிவைக் கட்டாயமாக்கியது 1859இன் ஆங்கிலேயச் சட்டம். மனைவி கணவன் வீடு போகும் 'தீக' மணத்தையும், கணவன் மனைவி வீட்டில் வந்து இருக்கும் 'பின்ன' மணத்தையும் 1952ஆம் ஆண்டின் கண்டியர் திருமணச் சட்டம் இன்றும் ஏற்கிறது. இன்று தொன்மை என்று காட்டப்படும் கட்டுப்பாடுகளில் ஒரு பகுதி விக்டோரியா மகாராணி காலத்துச் சரக்கு.

மலையகத்துக்கே உரிய இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்துபோகும் கதை. மூன்றாம் பிறை கண்டு காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமதகனம். ரதி வேடமும் ஆண்பிள்ளைக்குத்தான். நேற்றுவரை கொழுந்து நிறுக்கும் இடத்தில் தலை நிமிராமல் நின்ற பையன், முகத்தில் அரிதாரமும் கையில் கரும்பு வில்லுமாக, தோட்டமே பார்த்திருக்க ரதியோடு வழக்காடுகிறான். காதலைப் பேசவும், கோபிக்கவும், இழந்து அழவும் அந்த ஓரிரவு ஊரே அவனுக்கு அனுமதி கொடுக்கிறது. இதை உளவியலார் சொல்லும் நடிப்புப் பயிற்சியோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்பீட்டை அதிகம் நீட்டக் கூடாது. இது வழிபாடு, சிகிச்சையாகக் கருதி யாரும் வேடம் கட்டுவதில்லை. ஆனாலும் கூச்சம் என்பது ஆளோடு பிறந்தது, எங்கு போனாலும் கூடவே வருவது என்ற எண்ணத்தை அந்த ஒரு மேடை அசைக்கத்தான் செய்கிறது.

முறைமணம் என்ற விடையின் பலவீனம் அதன் கோட்பாட்டில் இல்லை. அதைத் தாங்கிய வாழ்க்கை கலைந்துவிட்டது. பையன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. மாமன் மகள் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகம் போக நிற்கிறாள். நாட்டின் அரச பல்கலைக்கழக மாணவரில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் இன்று பெண்கள். முறை இருக்கிறது என்பதற்காக அவள் தலையாட்ட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பதும் முறையல்ல. பேச்சு மூட்டிய திருமணத்திலும் கூச்சம் ஒழிந்துவிடுவதில்லை. பெண் பார்க்கப் போன அன்று, தட்டு வைத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து வெளியே போன பிறகு, அது அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திரை காட்டிய இரண்டு பேர்

தரகருக்கும் பாங்கனுக்கும் பிறகு கண்டி இளைஞனின் ஆசான் தமிழ்ச் சினிமா. அது இரண்டு மாதிரிகளைக் கொடுத்தது. ஒருவர் 1991இல் வந்த 'இதயம்' படத்தின் முரளி: மருத்துவ மாணவர், காதலைச் சொல்லத் தெரியாதவர், சொல்லாமலே நோயாளியாகிறவர். சொல்லாமையே அங்கே தூய்மையின் அடையாளம். மற்றவர் விடாப்பிடி நாயகன். மறுத்தாலும் பின்தொடர்வான், வேலை பார்க்கும் இடத்துக்கு வருவான், கடைசியில் அவள் மனம் இரங்குவாள். 2016இல் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் கொலையுண்டபோது இந்த இரண்டாவது நாயகனைப் பற்றிப் பரவலான விவாதம் எழுந்தது. அதே ஆண்டு வந்த 'ரெமோ'வும் அந்த விவாதத்தில் அகப்பட்டது.

படம் பார்த்துத்தான் ஒருவன் கெட்டான் என்று நிறுவுவது கடினம். ஆனால் இரண்டு நாயகருக்கும் பொதுவான ஒரு குறை கவனிக்கத் தக்கது. இருவருமே பெண்ணிடம் ஒரு கேள்வியைக் கேட்டு, விடை வரும்வரை காத்திருந்து, அந்த விடையை ஏற்பதில்லை. ஒருவர் கேட்பதே இல்லை. மற்றவர் விடையைக் காதில் வாங்குவதில்லை.

பூங்காவில் நடந்த ஒரு பரிசோதனை

1933 வாக்கில் நியூயோர்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தமக்குத் தாமே ஒரு கட்டளை போட்டுக்கொண்டார். வாங்கில் தனியே இருக்கும் பெண் யாராயினும் பக்கத்தில் போய் அமர்ந்து ஒரு நிமிடத்துக்குள் பேசத் தொடங்கிவிட வேண்டும். சாக்குப்போக்குக் கூடாது. ஒரு மாதத்தில் 130 பெண்களை அணுகியதாகவும், 30 பேர் எழுந்து போய்விட்டதாகவும், மிச்சம் 100 பேரோடு பேசியதாகவும், ஒரே ஒருவர் மறுபடி சந்திக்க ஒப்புக்கொண்டு கடைசியில் வராமலே விட்டதாகவும் அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். அவர்தான் அல்பர்ட் எல்லிஸ். 1950களில் பகுத்தறிவுசார் உளச்சிகிச்சையைத் தொடங்கியவர். யாரும் தன்னை அடிக்கவில்லை, காவல்துறையைக் கூப்பிடவில்லை, எனவே பயத்துக்கு அடிப்படை இல்லை என்பது அவர் எடுத்த முடிவு.

பேராதனைப் பூங்காவில் இதையே ஒருவன் செய்தால் மூன்றாம் நாள் வாசற் காவலாளி மறித்துவிடுவார், மறிப்பதும் நியாயமே. எல்லிஸின் கதையை வியந்து எடுத்துச் சொல்லும் சுயமுன்னேற்ற நூல்கள் எழுந்துபோன அந்த 30 பேர் என்ன நினைத்தார்கள் என்று கேட்பதில்லை. கதை முழுவதும் ஒருவரது சொந்த வாக்குமூலம். அதை அப்படியே ஏற்றாலும், அவர் வென்றது பயத்தை. காதலில் அவருக்கு அந்த மாதம் கிடைத்தது ஒன்றுமில்லை.

இந்த வேறுபாட்டைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிப்படுத்துவதாகவே தெரிகிறது. 1977இல் உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா முன்வைத்த 'தன்திறன் நம்பிக்கை'க் கோட்பாட்டின்படி, 'என்னால் இது முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது: தானே செய்து பார்த்தல், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல், பிறர் ஊக்கச் சொல், உடலின் படபடப்பு அடங்குதல். முதலாவது மிக வலுவானது. ஊக்கச் சொல் மட்டும் நெடுநாள் நிற்பதில்லை. "கேளுடா மச்சான்" ஏன் வகுப்பு வாசலோடு நின்றுவிடுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

இதைவிட நேரடியான பரிசோதனை அமெரிக்காவில் 1974, 1975ஆம் ஆண்டுகளில் நடந்தது. அன்ட்ரூ கிறிஸ்டென்சனும் ஹல் ஆர்கோவிட்ஸும் கூச்சமுள்ள கல்லூரி மாணவ மாணவியரை, இது பயிற்சிதான் என்று இருதரப்பும் அறிந்த நிலையில், பல தடவை சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். என்ன பேச வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதற்றம் குறைந்தது, சந்திப்புகள் கூடின. ஒருவர் மற்றவரைப் பற்றி எழுதிக்கொடுத்த கருத்தைச் சேர்த்தபோது கூடுதலாகப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. கூச்சமுள்ள பையனுக்குப் பேசத் தெரியாது, ஆகவே வசனம் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இது எதிர்ச்சான்று. அவனுக்கு எட்டாதிருந்தது வசனமல்ல, வாய்ப்பு என்று கொள்ள இடமுண்டு. ஆனால் பங்கேற்றோர் அமெரிக்க மாணவர்கள். இருதரப்பும் விரும்பி வந்தவர்கள். இந்த இரண்டாவது நிபந்தனையைத் தெருவில் ஏற்படுத்த முடியாது.

தன்னம்பிக்கை வளர்ந்தால் எல்லாம் வரும் என்ற வாதத்துக்குப் பெரிய அடி 2003இல் விழுந்தது. உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் வேறு மூவரும் சுயமதிப்புப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மீளாய்வு செய்தார்கள். சுயமதிப்பு உயர்ந்தவர்கள் தங்களைப் பிறர் விரும்புவதாகவும், தாங்கள் கவர்ச்சியானவர்கள் என்றும் சொல்கிறார்கள். மற்றவர்களைக் கேட்டு அளந்தபோது அந்த மேன்மை பெரும்பாலும் மறைந்துபோயிற்று. மிஞ்சியவற்றில் ஒன்று முக்கியமானது. அவர்கள் முதலில் போய்ப் பேசத் தயங்குவதில்லை. தன்னம்பிக்கை கதவைத் தட்ட வைக்கிறது. திறப்பதோ திறக்காததோ உள்ளே இருப்பவர் விருப்பம். சமந்தா ஜோயலும் அவரது சகாக்களும் 2017இல் வெளியிட்ட துரித சந்திப்பு ஆய்வு இதற்கு இன்னும் அழுத்தம் கொடுக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் முன்கூட்டியே கேட்டுக் கணினியில் இட்டும், குறிப்பிட்ட இன்னாருக்கு இன்னாரைப் பிடிக்கும் என்று முன்னுரைக்க இயலவில்லை.

எல்லாக் கூச்சமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிரித்துச் சொல்வது அவசியம். கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவும், வகுப்பில் வரவு சொல்லவும் நடுங்குகிறவனின் நிலை சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கக்கூடும். உளவியலாளர்கள் கிளார்க், வெல்ஸ் இருவரும் 1995இல் தந்த விளக்கப்படி, அவன் கவனம் முழுவதும் தன்மேலேயே திரும்பி நிற்கிறது: கை நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா, என்னைப் பார்க்கிறார்களா. இதற்கு அறிவு நடத்தைச் சிகிச்சை பலன் தருவதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகளும் உண்டு. மறுபுறம், பேராதனையிலேயே கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியான பத்தினித் தெய்வ வழிபாடு பற்றிய நூலில் விளக்கிய 'லஜ்ஜா-பய', அதாவது வெட்கமும் அவமான அச்சமும், பிள்ளை வளர்ப்பிலேயே ஊட்டப்படுவது. வீட்டில் ஒழுக்கம் என்று பாராட்டப்பட்ட அதே குணத்தை இருபது வயதில் குறைபாடு என்று பெயர் மாற்றினால் பையன் குழம்பாமல் என்ன செய்வான்?

பகிடிவதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. புதுமுக மாணவனைப் பிடித்து, போய் அவளிடம் காதலைச் சொல்லு என்று சிரேஷ்ட மாணவர் அனுப்புவது பல வளாகங்களில் கேள்விப்படும் விளையாட்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லிஸ் செய்ததும் இதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை அவரே தேர்ந்தார். மற்றதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பயத்துக்கு முகம்கொடுக்க வைப்பதெல்லாம் பயத்தைத் தீர்த்துவிடாது.

வசீகர வியாபாரம்

காதலைக் கலையாகக் கற்பிக்கும் நூல் புதிதல்ல. ரோமக் கவிஞர் ஓவிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரங்கிலும் பந்தய மைதானத்திலும் பெண்ணை அணுகும் விதத்தைக் கேலி கலந்து பாடினார், கி.பி. 8இல் நாடு கடத்தப்பட்டதற்கு அந்தக் கவிதையும் ஒரு காரணம் என்று அவரே சொல்கிறார். வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் அறுபத்து நான்கு கலைகளை அடுக்குகிறது. அதிகம் பேசப்படாத ஒன்றும் அதில் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் நம்பிக்கை ஊட்டுவது பற்றி ஓர் அத்தியாயம். அங்கே நம்பிக்கை ஊட்டப்பட வேண்டியவள் மணப்பெண். அவள் அச்சம் தெளியும்வரை பொறுத்திரு, வற்புறுத்தினால் வெறுப்பாள் என்பது நூலின் அறிவுரை.

நவீன வியாபாரம் இந்தத் திசையைத் தலைகீழாக்கியது. பெண்களை வசப்படுத்தக் கற்பிக்கும் பயிற்சியாளர்களின் உலகத்தைப் பற்றி 2005இல் நீல் ஸ்ட்ராஸ் எழுதிய 'த கேம்' உலகெங்கும் விற்றது. ஒத்திகை பார்த்த தொடக்க வசனம், இலேசாகக் குத்தி அவளைத் தடுமாற வைக்கும் பேச்சு, எண்ணிக்கை வைத்து அணுகுதல் ஆகியவை அந்த உலகத்தின் கருவிகள். 2014இல் ஜூலியன் பிளாங்க் என்ற அத்தகைய பயிற்சியாளரின் விசாவை அவுஸ்திரேலியா இரத்துச் செய்தது, பிரித்தானியா அனுமதி மறுத்தது. 2015இல் ஸ்ட்ராஸே தன் பழைய வழியிலிருந்து விலகி இன்னொரு நூல் எழுதினார்.

இந்தச் சரக்கு இன்று தமிழ்க் காணொளிகளாகக் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அதை முற்றாகத் தள்ளிவிடுவதும் நேர்மையல்ல. குளித்து, தலைவாரி, நிமிர்ந்து நட, கண்ணைப் பார்த்துப் பேசு என்பவற்றில் தவறில்லை. அப்துற் றஹீமும் எம்.எஸ். உதயமூர்த்தியும் எழுதிய தமிழ்ச் சுயமுன்னேற்ற நூல்களைப் படித்தவர்களுக்கு அந்தத் தொனி பழக்கமானதும்கூட. கோளாறு எங்கே என்றால், மறுப்பை ஒரு விடையாக எண்ணாமல் தாண்ட வேண்டிய தடையாக எண்ணப் பழக்குவதில். அந்தோனியா ஆபி 1982இல் செய்த ஆய்வு, பெண்ணின் சாதாரணச் சிநேகத்தை ஆண்கள் பாலியல் விருப்பமாகக் கூட்டி வாசிக்கும் போக்கைக் காட்டியது. ஏற்கெனவே கூட்டி வாசிப்பவனுக்கு இன்னும் துணிவு கொடுத்தால் குறிப்பறிதல் வளரும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

ஆங்கிலம், முகவரி, பஸ்

மேலே பார்த்த விடைகள் பலவும் குறை இளைஞனின் நெஞ்சுக்குள் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. கண்டியில் அதன் ஒரு பகுதி வெளியே இருப்பதாகவே தோன்றுகிறது.

முதலில் மொழி. ஆங்கிலம் இலங்கையில் எப்படி ஓர் ஆயுதமாக இயங்குகிறது என்பதைப் பேராதனைப் பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். நண்பர் கூட்டத்தில் தமிழில் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் பையன், சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசும் மேசையில் ஊமையாகிறான். தன்னம்பிக்கை மொத்தமாக இல்லை என்பதாக இதை வாசிப்பது பிழை. இடத்துக்கு இடம் அது மாறும் என்பதே பண்டூராவின் கோட்பாடும். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புகளில் பையன்கள் நிறைவதற்கு வேலை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது முகவரி. இலங்கையில் சாதியை மறைவாகப் பேணும் விதங்களைப் பற்றி டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, கண்டி நகரின் குடியிருப்புகளையும் பேசுகிறது. எந்த ஊர், எந்தத் தோட்டம், அப்பாவுக்கு என்ன வேலை என்ற மூன்று சாதாரணக் கேள்விகள் ஓர் உரையாடலை முடித்துவிடக்கூடிய சூழலில், பதிலைத் தள்ளிப்போடுகிறவனின் தயக்கம் நோய் அல்ல. நிலைமையைச் சரியாக அளந்ததன் விளைவு. பணமும் சேர்ந்தே வருகிறது. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய்க்கும் 2024இல் 1,350 ரூபாய்க்கும் உயர்ந்தது. நகரத்துக் கடையொன்றில் இரண்டு பேர் ஐஸ் கோப்பியும் கேக்கும் சாப்பிட்டு எழுந்தால் அதில் பெரும்பங்கு போய்விடும். செலவு குறைந்த இடம் என்றால் வாவிக்கரை, உடவத்தகலைக் காடு, பேராதனைப் பூங்காவின் புல்வெளி. அங்கே குடைக்குள் ஒதுங்கும் சோடிகளை எல்லோரும் பார்த்தபடிதான் போகிறார்கள்.

மூன்றாவதை ஆண்களுக்கான பயிற்சி நூல்கள் பேசுவதில்லை. ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு உள்ளான பெண்கள் 90 சதவீதம். அவர்களில் பொலிஸாரின் உதவியை நாடியோர் 4 சதவீதம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், சொல்லாலும் செயலாலும் செய்யும் பாலியல் தொந்தரவுக்கு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்க இடம் தருகிறது. பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவன் பக்கத்தில் வந்து பேசத் தொடங்கும்போது, அவன் அவளுக்கு முதல் ஆள் அல்ல. காலையிலிருந்து மூன்றாவது ஆளாக இருக்கலாம். அவள் முகம் திருப்புவது பெரும்பாலும் முன்னே வந்தவர்களுக்கான பதில். இதைத் தன் குறை என்று எடுத்துக்கொண்டு நொந்துபோகிறவனுக்குத் தன்னம்பிக்கை வகுப்பைவிட இந்தப் புள்ளிவிவரம் அதிக ஆறுதல் தரக்கூடும்.

தீராதவை

இவ்வளவிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுதான்: பயம் பழக்கத்தால் குறையும். பயம் குறைந்தவன் அதிகம் விரும்பப்படுவான் என்பதற்கான சான்று மெலிந்தது. 'ஆணுக்கு அழகு துணிவு' என்ற வாக்கை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியை நிரப்பிவிட முடியாது.

பாங்கனும் தோழியும் செய்த வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்பதும் முடிவாகாத கேள்வி. நண்பர் குழாமின் குறுஞ்செய்திகள் ஓரளவு அதைச் செய்கின்றன. ஆனால் அவற்றில் இடித்துரைக்கும் பாங்கன் அருமை; உசுப்புகிறவர்களே அதிகம்.

கிறிஸ்டென்சன், ஆர்கோவிட்ஸ் முடிவைக் கண்டிக்குப் பொருத்தினால், கேட்க வேண்டிய நெருக்கடி இல்லாமல் இருபாலாரும் சேர்ந்து வேலை செய்யும் இடங்கள் போதும் என்று ஆகும்: விவாதக் குழு, நாடக ஒத்திகை, தமிழ்ச் சங்கம். 1952இலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் தன் நாடக மரபால் இதை ஓரளவு கொடுத்தே வந்திருக்கிறது. பாடசாலை மட்டத்தில் கலவன் முறை அதே பலனைத் தரும் என்று அடுத்து வாதிடலாம். அந்த வாதத்துக்கு முன்னால் தோட்டப் பாடசாலை நிற்கிறது. அங்கே முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களிடமும் கூச்சம் போய்விட்டதாகத் தெரியவில்லை. பழக்கம் குறைவென்று அங்கே சொல்ல வழியில்லை. பார்க்கும் கண்கள் கூடுதல் என்பதே காரணமாகலாம். அப்படியானால் நகரத்துப் பையனுக்கும் தோட்டத்துப் பையனுக்கும் ஒரே மருந்து ஆகாது. எந்த மருந்தையும் ஆராய்பவர் பையனின் பயம் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதோடு, அவன் பேசிய பெண்ணிடமும் போய் அந்தப் பேச்சு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன பயிற்சிச் சந்திப்பு ஆய்வுகளில் பெண்கள் பங்காளிகளாக வந்தார்கள். சுயமுன்னேற்றச் சந்தையில் அவர்கள் இன்னும் பரீட்சைத் தாளாகத்தான் இருக்கிறார்கள்.